மூன்றாவது கடிதம் வரை: மொரீஷியஸ் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் கடித நட்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்களும் தொடக்கப் பள்ளித் தமிழாசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் உண்டு. பிள்ளைகளின் வயது 8 முதல் 13 வரை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். கடித நட்பில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் கடிதம் அறிமுகம். இரண்டாவது மரியாதைக்கு எழுதுவது. மூன்றாவதில்தான் பிள்ளை தன் சொந்தக் குரலில் பேசத் தொடங்கும். முயற்சி நின்றுபோவது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான். கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்த மூன்றாவது கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கானவை.

எந்த ஊர்ப் பிள்ளைகளோடு தொடங்கலாம்?

நான்கு வழிகள் கைக்கு எட்டுபவை. தமிழ்நாடு என்றால் தமிழிலேயே எழுதலாம். ரெயூனியன் பக்கத்துத் தீவு. அங்கே தமிழ் வழிவந்த குடும்பங்கள் ஏராளம், ஆனால் வீட்டு மொழி பிரெஞ்சும், பிரெஞ்சிலிருந்து பிறந்த அவர்களுடைய கிரியோல் மொழியும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1860 முதல் வந்து குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்று ஆங்கிலம் பேசுகிறார்கள். அவர்கள் படிக்கும் பள்ளிகளில் ஆப்பிரிக்கச் சூலு இனப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நான்காவது ரொட்ரிக்ஸ் தீவு. நம் குடியரசுக்குள்ளேயே இருப்பதால் உள்நாட்டுத் தபால் கட்டணம் போதும், கிரியோலில் எழுதலாம், சுங்கப் படிவம் பற்றிய கவலையும் இல்லை. ஆனால் அங்கே பிள்ளை வளரும் விதமே வேறு: கடல் வற்றும்போது பாறைத் திட்டில் ஆக்டோபஸ் பிடிப்பதைப் பார்த்து வளரும் பிள்ளை அது.

முதல் முறை செய்கிறவர்களுக்கு ரொட்ரிக்ஸைத்தான் சொல்வோம். வேற்றுப் பண்பாடு என்றால் விமானம் ஏறினால்தான் என்று நினைக்க வேண்டியதில்லை.

எந்த மாதத்தில் தொடங்குவது?

திட்டம் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். நம் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. தமிழ்நாட்டில் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. ரெயூனியனில் ஆகஸ்ட் நடுவில் தொடங்கி ஜூலை தொடக்கத்தில் முடிகிறது. ஆகவே நாம் பிப்ரவரியில் உற்சாகமாக அனுப்பும் கடிதம் தமிழ்நாட்டில் ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது போய் விழும். பதில் எழுத நேரம் கிடைக்கும்போது கோடை விடுமுறை. ஜூனில் பள்ளி திறந்தால் வகுப்பும் மாறியிருக்கும், ஆசிரியரும் மாறியிருப்பார்.

தமிழ்நாட்டோடு என்றால் ஜூன் இரண்டாம் வாரம் தொடங்குங்கள். செப்டம்பரில் அங்கே காலாண்டுத் தேர்வு. அந்த மாதம் பதில் தாமதமாகும் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ரெயூனியனோடு என்றால் பிப்ரவரி முதல் வாரம். இரு பக்கமும் அதே வகுப்பு ஜூலை வரை கலையாமல் இருக்கும். மார்ச், மே மாதங்களில் அங்கே வரும் விடுமுறைகளை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டர்பனின் ஆண்டு ஏறக்குறைய நம்முடையதைப் போலவே ஓடும். ஆனால் தென்னாப்பிரிக்க அஞ்சல் துறை 2023இல் மீட்பு நிர்வாகத்தின் (நொடிந்த நிறுவனத்தைக் காப்பாற்ற அமைக்கும் நிர்வாகம்) கீழ் போனது, கிளைகள் பல மூடப்பட்டன. அங்கே அனுப்பினால் பொறுமை இரட்டிப்பாக வேண்டும்.

வெளிநாட்டுக் கடிதம் ஒரு வழிக்கு இரண்டு வாரமும் எடுக்கலாம், ஆறு வாரமும் எடுக்கலாம். ஆளுக்கு மூன்று கடிதம் என்றால் மாற்றி மாற்றி ஆறு பயணம். ஓர் ஆண்டில் அடங்காது. இதற்கு எளிய வழி: இரு பக்கமும் முதல் கடிதத்தை ஒரே வாரத்தில் அனுப்பிவிடுங்கள். நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போகும். அறிமுகக் கடிதம்தானே, ஒன்றுக்கு ஒன்று பதிலாக இருக்கத் தேவையில்லை. அடுத்தடுத்த கடிதங்களையும் இப்படியே சேர்ந்து அனுப்பினால் ஆறு பயணத்துக்கான காத்திருப்பு மூன்றாகச் சுருங்கும்.

எந்த மொழியில் எழுதுவது?

தமிழ்நாட்டுக்குத் தமிழ். ரெயூனியனுக்குப் பிரெஞ்சு, டர்பனுக்கு ஆங்கிலம், ரொட்ரிக்ஸுக்குக் கிரியோல். ஆனால் எந்த மொழியில் எழுதினாலும் கடிதத்தின் தலைப்பில் பெறுகிறவர் பெயரையும் கடைசியில் தன் பெயரையும் பிள்ளை தமிழ் எழுத்திலும் எழுதட்டும். ரெயூனியன் பிள்ளைக்குத் தன் பெயரைத் தமிழில் பார்ப்பது பெரும்பாலும் அதுவே முதல் தடவை. அதை எழுதிப் பழகிக்கொண்டு திருப்பி அனுப்புவதே இரண்டாவது கடிதத்துக்கு நல்ல சாக்கு.

தமிழ்நாட்டுக் கடிதங்களில் ஒரு சிக்கல் எதிர்பாராமல் வரும். நம் பிள்ளைகள் படிப்பது எழுத்துத் தமிழ். அங்கிருந்து வருவது சில நேரம் பேச்சுத் தமிழ்: "எப்டி இருக்க? நான் நல்லாருக்கேன். எங்க ஸ்கூல்ல லீவு விட்டாச்சு." வகுப்பில் முதல் மாணவியே இதைப் பார்த்து விழிப்பாள். முதல் கடிதக் கட்டு வந்ததும் பலகையில் பேச்சுக்கும் எழுத்துக்கும் பக்கம் பக்கமாக இரண்டு வரிசை போடுங்கள்: எப்டி – எப்படி, இருக்க – இருக்கிறாய், ஸ்கூல்ல – பள்ளியில். பத்துப் பதினைந்து சொல் போட்டால் பிடி கிடைத்துவிடும். எதிர்ப்பக்க ஆசிரியரிடம் "புத்தகத் தமிழில் எழுதச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். கேட்டால், அடுத்த முறை ஆசிரியர் பலகையில் எழுதிப் போட்ட கடிதம்தான் இருபத்தைந்து படியாக வரும்.

"நீ" என்று எழுதுவதா, "நீங்கள்" என்று எழுதுவதா?

ஒத்த வயதுப் பிள்ளைக்கு "நீ". நம் வகுப்புகளில் மரியாதைக்காக "நீங்கள்" என்றே பழக்குகிறோம். அதைப் படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு யாரோ பெரியவர் எழுதியது போல இருக்கும். எதிர்ப்பக்கத்தவர் இரண்டு வயதுக்கு மேல் மூத்தவர் என்றால் அண்ணா, அக்கா போட்டு "நீங்கள்". அங்கிருந்து "ஏன்டா இவ்ளோ லேட்டு" என்று வந்தால் அது செல்லம்தான், வசவு இல்லை என்று வீட்டில் பாட்டிக்குப் புரியவையுங்கள்.

ஜோடி எப்படிச் சேர்ப்பது? வகுப்பு எண் பொருந்தினால் போதுமா?

போதாது. வயதைக் கேளுங்கள். ரெயூனியனில் பிரெஞ்சு முறை: நடுநிலைப் பள்ளியில் வகுப்பு எண் மேலிருந்து கீழே இறங்கும். "ஆறாவது" என்றால் 11 வயது, "ஐந்தாவது" என்றால் 12 வயது. நம் ஐந்தாம் கிரேடுப் பிள்ளைக்கு 10 வயது இருக்கும். "ஐந்தாவதுக்கு ஐந்தாவது" என்று சேர்த்துவிட்டால், பொம்மை பற்றி எழுதும் பிள்ளைக்கு மீசை அரும்பும் பையன் பதில் எழுத வேண்டியிருக்கும்.

இரு பக்க எண்ணிக்கையும் ஒத்துவருவதே இல்லை. இங்கே 22, அங்கே 27 என்றால் மிச்சம் 5 பேரை நம் பக்கத்தில் வேகமாக எழுதும் 5 பிள்ளைகளுக்கு இரண்டாவது நண்பராகக் கொடுங்கள். ஆர்வமில்லாத பிள்ளைக்கு இரண்டு பேரைக் கொடுத்தால் இரண்டு ஏமாற்றம்.

பெயர்ப் பட்டியலில் இன்னொரு குழப்பம். தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வழக்கம் குறைவு; முன்னால் வரும் ஓர் எழுத்து அப்பா பெயரின் முதலெழுத்து. அதைக் குடும்பப் பெயர் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். முத்துசாமி என்ற ஒரே பெயரையே ரோமன் எழுத்தில் நம் பதிவேட்டில் இரட்டை "ஓ" போட்டும், ரெயூனியனில் "ஓ, யு" போட்டும், தமிழ்நாட்டில் வெறும் "யு" போட்டும் எழுதியிருப்பார்கள். டர்பனில் முதலியார் மூட்லி ஆனதும் கவுண்டர் கோவெந்தர் ஆனதும் இதே கதைதான். மூன்று எழுத்துமுறையையும் பலகையில் போட்டுக் காட்டினால் ஒரு முழு வகுப்பு அதிலேயே ஓடிவிடும். பிள்ளைகள் தங்கள் குடும்பப் பெயரையும் கொண்டுவந்து கேட்பார்கள்.

முதல் கடிதத்தில் என்ன எழுதச் சொல்வது?

"நலம், நலமறிய ஆவல்" இருக்கட்டும், அது நம் வழக்கம். அதற்குப் பிறகு பிள்ளைகள் பட்டியலில் இறங்கிவிடுவார்கள்: பிடித்த நிறம், பிடித்த உணவு, பிடித்த விளையாட்டு. "உனக்குப் பிடித்த நிறம் என்ன?" என்ற கேள்விக்கு "நீலம்" என்று பதில் வரும். அதோடு சரி.

பட்டியலை ஒழித்துவிட்டு மூன்று துண்டு போதும். பிள்ளை தினமும் கண்ணால் பார்க்கும் ஒன்று. போன வாரம் நடந்த ஒன்று. அந்தப் பிள்ளையால் மட்டுமே பதில் சொல்ல முடிந்த ஒரே ஒரு கேள்வி. ஒரு மாதிரி:

"அன்புள்ள தோழிக்கு, நலம், நலமறிய ஆவல். நான் பஸ்ஸில் பள்ளிக்குப் போகிறேன். இப்போது கரும்பு வெட்டும் காலம். முன்னால் போகும் லாரியிலிருந்து கரும்பு ரோட்டில் விழும். டிரைவர் மெதுவாகத்தான் ஓட்டுவார். இங்கே ஜூலையில் குளிர். நான் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன். போன ஞாயிறு அம்மா ஏழு கறி செய்தார்கள். ரசத்தை நாங்கள் கிரியோலில் ரசோன் என்போம். நீ பள்ளிக்குப் போகும் வழியில் எந்தக் கடையில் நிற்பாய்? அங்கே என்ன வாங்குவாய்? இப்படிக்கு..."

இதில் பதில் எழுத ஐந்து பிடி இருக்கிறது. ஜூலையில் குளிரா என்றே அந்தப் பிள்ளை முதலில் கேட்கும்.

ஒன்றை மட்டும் விளக்கி எழுதச் சொல்லுங்கள். "புயல், கிளாஸ் 3, அதனால் வீட்டில் இருந்தோம்" என்று நம் பிள்ளை எழுதினால், மூன்றாம் வகுப்புக்கு மட்டும் விடுமுறை என்று அங்கே புரிந்துகொள்வார்கள். இங்கே புயல் எச்சரிக்கை 1 முதல் 4 வரை என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

பிழைகளைத் திருத்தலாமா?

முதல் கடிதத்தில் பெயர், ஊர், கேள்வி ஆகிய மூன்றை மட்டும் திருத்துங்கள். ல, ள, ழ மாறியிருந்தால் விடுங்கள். பொருள் மாறும் இடம் மட்டும் விலக்கு: "என் பல்லி பெரியது" என்று எழுதியிருந்தால் அது பள்ளிதானா என்று கேட்டுவிடுங்கள். மூன்று முறை படியெடுக்க வைத்த கடிதம் சுத்தமாக இருக்கும், ஆனால் அடுத்த கடிதம் எழுத அந்தப் பிள்ளைக்குக் கை வராது.

காகிதம், பேனா, எடை?

80 கிராம் தரமுள்ள ஏ4 தாள் ஒன்று 5 கிராம். அதை இரண்டு முறை மடித்தால் சி6 உறைக்குள் சரியாக அமரும். உறை ஏறக்குறைய 4 கிராம். அஞ்சல் கட்டணத்தின் முதல் படி வழக்கமாக 20 கிராம். ஆக, இரண்டு தாள், ஓர் உறை, 10க்கு 15 சென்டிமீட்டர் புகைப்படம் ஒன்று, எல்லாம் சேர்ந்து 18 கிராம் அளவில் நிற்கும். மூன்றாவது தாளும் புகைப்படமும் சேர்ந்தால் அடுத்த படி. கவுன்டரில் எடை போட்ட பிறகே தபால் தலை ஒட்டுங்கள். குறைவாக ஒட்டினால் கடிதம் திரும்பி வரலாம், அல்லது மறுபக்கத்தில் பிள்ளையிடம் மீதிப் பணம் கேட்கலாம்.

பால்பாயின்ட் பேனாவே நல்லது. ஜெல் மையும் ஃபவுன்டன் பேனா மையும் ஈரம் பட்டால் கரையும், நம் ஊர் மழைக்காலம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. ஸ்டேப்பிள் பின்னும் கிளிப்பும் வேண்டாம்: துருப்பிடிக்கும், பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கி உறையைக் கிழிக்கும். பசை தடவிய உறைகளை மொத்தமாக வாங்கி வைத்தால் ஈரக்காற்றில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு தாள் செருகி வையுங்கள்.

முகவரி எழுதும் முறை?

தபால் தலை வலது மேல் மூலை, அனுப்புநர் இடது மேல் மூலை, பெறுநர் நடுவிலிருந்து வலப்பக்கம் கீழே. கடைசி வரி நாட்டின் பெயர், ரோமன் பெரிய எழுத்தில், தனி வரியாக. முகவரி முழுவதும் ரோமன் எழுத்தில் இருக்கட்டும்; ஆசைக்குப் பெயரை மட்டும் தமிழில் கூடுதலாக எழுதலாம். தமிழ்நாட்டு அஞ்சல் குறியீடு 6இல் தொடங்கும் ஆறு இலக்கம். ரெயூனியன் 974இல் தொடங்கும் ஐந்து இலக்கம், அது ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும். தென்னாப்பிரிக்கா நான்கு இலக்கம்.

பிரெஞ்சுக் கையெழுத்தில் 1க்கு நீண்ட மேல்கோடு இருக்கும், 7க்கு நடுவில் ஒரு வெட்டு இருக்கும். வெட்டில்லாத 7 எழுதிப் பழகியவர் அந்த 1ஐ 7 என்றே படிப்பார். ரெயூனியனிலிருந்து வந்த முகவரியைப் பிள்ளை பார்த்து எழுதினால் குறியீட்டை நீங்களும் ஒருமுறை சரிபாருங்கள்.

உறைக்குள் சின்னப் பரிசு வைக்கலாமா?

காகிதமாக இருப்பவை மட்டும்: படம், ஸ்டிக்கர், பஸ் டிக்கெட், மிட்டாய் உறை, கோவில் திருவிழா நோட்டீஸ். பொருள் எதுவானாலும், ஒரு கைக்கயிறாக இருந்தாலும், சி.என். 22 என்ற சுங்கப் படிவம் வேண்டும். 2021 முதல் அந்த விவரத்தை மின்வழியாகவும் முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்பது சர்வதேச அஞ்சல் விதி. அது இல்லாத உறை நிறுத்தப்படும் அல்லது திரும்பும். விதை, காய்ந்த பூ, இலை, மண், சிப்பி எதையும் வைக்காதீர்கள். தாவர, விலங்கு நோய்த்தடுப்புச் சோதனையில் சிக்கும். காவடிக்குப் பிறகு விபூதி அனுப்ப ஆசைப்படும் பிள்ளைகள் உண்டு. அடையாளம் தெரியாத வெள்ளைத் தூள் உறையில் இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ரூபாய் நோட்டும் நாணயமும் சாதாரணத் தபாலில் தடை. நம் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதைக் காட்டத்தான் பிள்ளைகள் அனுப்ப நினைப்பார்கள். அதைச் சொல்லால் எழுதட்டும்.

தனித்தனியாக அனுப்புவதா, ஒரே கட்டாகவா?

முதல் இரண்டு சுற்று ஒரே கட்டு. 25 பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு தாள் என்றால் 250 கிராம். உள்ளே தனி உறை போடாமல், மடித்த தாளின் வெளிப்புறத்தில் பெயர் எழுதினால் 100 கிராம் மிச்சம். பதிவுத் தபாலில் அனுப்புங்கள்: கிடைக்கும் எண் 13 எழுத்துகள், ஆர் எழுத்தில் தொடங்கி இடையில் ஒன்பது இலக்கத்தோடு எம்.யு. என்று முடியும். அதை எதிர்ப்பக்க ஆசிரியருக்கு அனுப்பிவிட்டால் அவரும் தேடிப் பார்க்கலாம். பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வேண்டும். பள்ளி மூடியிருந்தால் சில நாள் வைத்திருந்து திருப்பிவிடுவார்கள். எனவே விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்னால் கட்டு அனுப்பாதீர்கள். அனுப்பும் முன் எல்லாக் கடிதத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். கட்டு தொலைந்தால் 25 பிள்ளைகளைத் திரும்ப எழுதச் சொல்ல வேண்டாம், அச்செடுத்து அனுப்பலாம்.

மூன்றாவது சுற்றில் தனித்தனி உறை. தன் பெயருக்கே தபால் வருவது பிள்ளைக்கு வேறு விஷயம்.

பாதுகாப்புக்கு என்ன செய்வது?

முகவரி பள்ளியுடையது அல்லது சங்கத்துடையது. வீட்டு முகவரி வேண்டாம். உறையில் முதற்பெயர், வகுப்பு, ஆசிரியர் பெயர். போன் எண், பிறந்த தேதி, பள்ளிச் சின்னம் தெரியும் சீருடைப் படம், எதுவும் கடிதத்தில் கூடாது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். வரும் கடிதங்களையும் போகும் கடிதங்களையும் ஆசிரியர் படிப்பார் என்பதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் படித்து, பிறகு தெரியவந்தால் அந்த வகுப்பில் யாரும் மனம்விட்டு எழுத மாட்டார்கள்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் பதில் வரவில்லை. என்ன செய்வது?

கட்டைப் பிள்ளைகள் முன்னால் பிரிக்காதீர்கள். முதலில் தனியாகப் பிரித்து எண்ணுங்கள். குறைந்தால் அன்றே எதிர்ப்பக்கத்துக்குச் செய்தி அனுப்பிக் காரணம் கேளுங்கள்: காய்ச்சலா, பள்ளி மாறிவிட்டதா, எழுதச் சோம்பலா. பள்ளி மாறியிருந்தால் புது ஜோடி. மற்றதென்றால், தொடக்கத்திலேயே செய்துகொள்ள வேண்டிய ஓர் ஏற்பாடு கைகொடுக்கும்: இரு ஆசிரியரும் ஒவ்வொரு கட்டிலும் பெறுகிறவர் பெயர் போடாத மூன்று கடிதம் கூடுதலாக வைப்பது, தங்கள் பெயரில், வகுப்பறையைப் பற்றி. நண்பன் பெயரில் ஆசிரியரே போலியாக எழுதிக் கொடுப்பது கூடாது. பிள்ளைகளுக்குக் கையெழுத்து தெரியும்.

மனம் புண்படும்படி ஏதாவது வந்துவிட்டால்?

பெரும்பாலும் ஒரு சொல்லால்தான் வரும். ரெயூனியனில் தமிழ் வழிவந்தவர்கள் தங்களையே "மல்பார்" என்பார்கள், அங்கே அது சாதாரணச் சொல். இங்கே கிரியோலில் அதே சொல் வட இந்திய வழிவந்த இந்துக்களைக் குறிக்கும், சில வாயில் இளக்காரமாகவும் ஒலிக்கும். கடிதம் வருவதற்கு முன்பே இதை வகுப்பில் சொல்லிவிடுங்கள். நம் பக்கத்திலிருந்து போகக்கூடாத வரி ஒன்று உண்டு: "நீ தமிழ்தானே, ஏன் உனக்குத் தமிழ் தெரியாது?" அதை எழுதும் பிள்ளையின் வீட்டிலும் கிரியோல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

மாட்டிறைச்சி, கோவிலும் தேவாலயமும் சேர்ந்து போவது, கிடா வெட்டு, இவையெல்லாம் எங்காவது தலைகாட்டும். அந்த வரிகளை அடித்துவிட வேண்டாம். "எங்கள் வீட்டில் இப்படி" என்று பிள்ளை பதில் எழுதட்டும். பொதுவாக நன்றாக ஓடும் பேச்சு விடுமுறை நாட்கள்: அடிமை ஒழிப்பு நாள் இங்கே பிப்ரவரி 1, ரெயூனியனில் டிசம்பர் 20. தைப்பூசம் நமக்கு அரசு விடுமுறை, தமிழ்நாட்டில் 2021 முதல்தான்.

வாட்ஸ்அப்பில் பேசினால் போதாதா?

ஆசிரியர்களுக்குள் வாட்ஸ்அப் வேண்டும், கட்டாயம். பிள்ளைகளுக்குள் வேண்டாம், மூன்றாவது கடிதம் வரையாவது. வீடியோவில் இருபது பிள்ளைகளும் வெட்கத்தில் "ஹாய்" சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள், தைரியசாலி இருவர் மட்டும் பேசுவார்கள். அமைதியான பிள்ளை முந்துவது காகிதத்தில்தான்.

தபால் தலை பற்றிப் பிள்ளைகள் கேட்கிறார்களே?

கேட்காமல் இருக்குமா. 1847இல் இங்கே வெளியான ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் தலைகள் உலகம் முழுதும் பேசப்படுபவை. போர்ட் லூயி காடன் துறையில் உள்ள புளூ பென்னி அருங்காட்சியகத்தில் இரண்டும் இருக்கின்றன. முதல் கட்டு அனுப்பும் வாரத்தில் அழைத்துப் போங்கள். கட்டின் மேல் இயந்திர முத்திரை வேண்டாம், படமுள்ள தலைகளாக ஒட்டித் தாருங்கள் என்று கவுன்டரில் கேளுங்கள்.

ஆண்டு முடிவில் என்ன செய்வது?

அக்டோபர் முதல் வாரம் கடைசிக் கட்டு; ரெயூனியனோடு என்றால் அங்கே ஜூலையில் பள்ளி முடியும் முன்பே. அதில் யார் அடுத்த ஆண்டும் எழுத விரும்புகிறார்கள் என்று ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. "ஆம்" என்ற இரு பக்கச் சீட்டும் சேர்ந்தால் மட்டும், இரு வீட்டுப் பெற்றோரும் எழுத்தில் சம்மதித்தால் மட்டும், வீட்டு முகவரியை மாற்றிக்கொள்ளலாம். வந்த கடிதங்களைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். சுவரில் ஒட்டுவதற்குப் படி எடுத்தது போதும். தபால் தலையை உரித்துக் கேட்கிறவர்களுக்கு: உறையோடு சேர்த்து, ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு வெட்டிக் குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள், இருபது நிமிடத்தில் கழன்றுவிடும். தானே ஒட்டும் வகைத் தலை பெரும்பாலும் தண்ணீரில் கழலாது, அதை உறைத் துண்டோடு அப்படியே வைத்துக்கொள்ளட்டும்.